மின்சாரக் கோணச் சாணை: பராமரிப்பும் பாதுகாப்பான உபயோகமும்

இரும்புக் கதவுகளும் சாளரக் கம்பிகளும் செய்யும் பட்டறை, வெல்டிங் கடை, கட்டடம் எழும்பும் இடம், தரைக்குக் கல் பதிக்கும் இடம் ஆகியவற்றுள் எங்கு சென்றாலும் ஒரு சிறு யந்திரத்தின் கூரிய ஓசை நம் செவியில் விழுகிறது. லூதியானா, ராஜ்கோட், ஹௌரா, கோயமுத்தூர் போன்ற தொழில் நகரங்களில் மட்டுமின்றி, நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றூர்களிலும் இந்த யந்திரம் இன்று இடம்பெற்றுவிட்டது. தொழிலாளர்கள் இதனை ஆங்கிள் கிரைண்டர் என்றோ, பொதுப்படக் கிரைண்டிங் மெஷின் என்றோ அழைப்பர். இக்கட்டுரையில் இதனைக் கோணச் சாணை என்று குறிப்பிடுவோம்.

அரத்தையும் உளியையும் ரம்பத்தையும் கொண்டு நெடுநேரம் பாடுபட்டுச் செய்த வேலையைக் கோணச் சாணை சில நிமிஷங்களில் முடித்துத் தருகிறது. ஆயின், விரலை இழந்தவர்களையும் கண் பார்வை குன்றியவர்களையும் உண்டாக்கக்கூடியதும் இதே யந்திரந்தான். இவ்விபத்துகள் விதியின் விளைவுகள் அல்ல. அவற்றின் காரணங்கள் அறியப்பட்டவை, ஆதலால் தடுக்கக்கூடியவை. பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, இந்த யந்திரத்தில் சுழலும் சக்கரம் எத்தகைய பொருள் என்பதை அறிந்துகொள்வது மேலானது. அதனை அறிந்தவருக்கு விதிகள் தாமே விளங்கும்.

யந்திரத்தின் அமைப்பு

இன்று நாம் காணும் அதிவேகக் கோணச் சாணை, ஜெர்மனியில் அக்கர்மன்-ஷ்மிட் என்னும் கம்பெனியாரால் 1954-ம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அவர்களுடைய ஃபிளெக்ஸ் என்ற பெயரே இன்றும் அந்நாட்டு மக்களின் பேச்சு வழக்கில் இந்தக் கருவிக்குப் பொதுப் பெயராக வழங்குகிறது.

கைப்பிடியாக அமைந்த கூட்டுக்குள் ஒரு மோட்டார் அடங்கியிருக்கிறது. மின் கம்பி வழியாக இயங்கும் சாணைகளில் பெரும்பாலும் இருப்பது, மாறு மின்னோட்டத்திலும் நேர் மின்னோட்டத்திலும் ஓடக்கூடிய சர்வ மோட்டார் ஆகும். சுழலும் பகுதியாகிய ஆர்மெச்சரின் ஒரு முனையில் கம்யூட்டேட்டர் என்னும் செம்பு உருளை உண்டு. அதன்மீது இரண்டு கரித் துண்டுகள் வில்லின் அழுத்தத்தால் உராய்ந்தபடி மின்னோட்டத்தை உள்ளே செலுத்துகின்றன. மறு முனையில் ஒரு சாய்பற்சக்கர இணை அமைந்துள்ளது. அது சுழற்சியை 90 பாகை திருப்பிச் சக்கரம் பொருத்தப்படும் தண்டுக்கு அளிக்கிறது. ‘கோணச் சாணை’ என்ற பெயர் இதனால் ஏற்பட்டதே. மோட்டாரின் பின்புறத் துவாரங்கள் வழியாகக் காற்று உட்புகுந்து, சுருள்களைக் குளிர்வித்து, முன்புறம் வெளியேறுகிறது.

சக்கரம் ஒட்டப்பட்ட பொருள்

வெட்டும் சக்கரமும் தேய்க்கும் சக்கரமும் பார்வைக்குக் கல்லைப் போல் உறுதியாகத் தோன்றும். உண்மையில் அவை கல் அல்ல. இரும்புத் தகடும் அல்ல. மிகக் கடினமான துகள்களை ஃபினாலிக் பிசின் என்னும் செயற்கைப் பிசினால் ஒட்டி, இடையே கண்ணாடி இழை வலையை வைத்து அழுத்தி, உலையில் சுட்டு இவற்றைத் தயாரிக்கின்றனர். உருக்கு வேலைக்குரிய சக்கரத்தில் அலுமினியம் ஆக்ஸைடு துகள்களும், கல், செங்கல், கான்கிரீட் ஆகியவற்றுக்குரிய சக்கரத்தில் சிலிக்கன் கார்பைடு துகள்களும் இருக்கும். சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாகப் பெருமளவில் தயாரிக்கும் வழியை 1891-ம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்டு அச்சஸன் கண்டறிந்தார். அவர் அதற்கு இட்ட பெயர் கார்பரண்டம். அப்பெயரைத் தாங்கிய கார்பரண்டம் யூனிவர்சல் கம்பெனி சென்னையில் தொடங்கப்பட்டதும், கோணச் சாணை உருவான அதே 1954-ம் ஆண்டில்தான்.

இந்தச் சக்கரம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. முனை மழுங்கிய துகள் உதிர, அடியிலுள்ள கூரிய துகள் வெளிப்பட்டு வேலையைத் தொடர்கிறது. ஆகவே பிசின் ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் அடியோடு விட்டுவிடலாகாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நுட்பமான நிலையில்தான் சக்கரம் இயங்குகிறது. ஈரம், எண்ணெய், வெப்பம், காலம் ஆகிய நான்கும் பிசினின் பிடிப்பைத் தளர்த்துபவை. கைக் கருவிகளுக்குரிய சக்கரங்களின் நடுத் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் ஒரு மாதமும் ஆண்டும் பொறித்திருப்பர். தயாரித்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேற்படாத கெடு அது. கெடு கடந்த சக்கரம் புதிதுபோலத் தோன்றினும் உபயோகத்துக்கு உரியதன்று.

வேகமும் விசையும்

சாதாரணமான 100 மில்லி மீட்டர் சாணை, சுமையின்றி ஓடும்போது நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்றுகள் சுற்றுகிறது. சக்கரத்தின் சுற்றளவு 31.4 சென்டி மீட்டர். எனவே அதன் விளிம்பு வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 207 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் விளிம்பிலுள்ள ஒவ்வொரு கிராம் பொருளும், ஏறக்குறைய 6¾ கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் வெளிப்புறமாகப் பிய்த்துக்கொண்டு போக முயல்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது மேலே கூறிய பிசினும் கண்ணாடி இழையுமே.

இவ்வகைச் சக்கரங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்கு உட்பட்டே ஓடத்தக்கவை. சக்கரம் பெரிதாக ஆக, அனுமதிக்கப்படும் சுற்றுகளின் எண்ணிக்கை குறையும். 100 மில்லி மீட்டர் சக்கரத்துக்கு நிமிஷத்துக்குச் சுமார் 15,300 சுற்றுகளும், 125 மில்லி மீட்டர் சக்கரத்துக்குச் சுமார் 12,200 சுற்றுகளும், 180 மில்லி மீட்டர் சக்கரத்துக்குச் சுமார் 8,500 சுற்றுகளும் உச்ச வரம்பு. இந்த எண்கள் சக்கரத்தின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இனி, ஒருவர் 100 மில்லி மீட்டர் சாணையில் 180 மில்லி மீட்டர் சக்கரத்தை எப்படியோ பொருத்திவிட்டார் என்று கொள்வோம். யந்திரம் அதே 11,000 சுற்றுகளில் ஓடத் தொடங்குகிறது. விளிம்பு வேகம் வினாடிக்குச் சுமார் 104 மீட்டர் ஆகிவிடும். வரம்பைக் காட்டிலும் இது 30 சதவிகிதமே மிகை எனத் தோன்றலாம். ஆனால் சக்கரத்தைப் பிளக்க முயலும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஆகவே அது வரம்பைப் போல் ஏறக்குறைய 1.7 மடங்காகிறது. அச்சக்கரம் முதல் நாள் உடையாமல் இருக்கலாம். இரண்டாம் நாளும் இருக்கலாம். ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே’ என்ற நம்பிக்கை வளரும் வேளையில், பிசினுக்குள் நுண்ணிய விரிசல்களும் வளர்ந்துகொண்டிருக்கும்.

காப்புறை எதற்காக?

மேற்கூறிய தவற்றைச் செய்வதற்கு ஒரு காரியத்தை முதலில் செய்தாக வேண்டும். அது சக்கரத்தின் காப்புறையைக் கழற்றுவது. பெரிய சக்கரம் உள்ளே அடங்காதபடி தடுப்பதும் காப்புறையின் கடமைகளுள் ஒன்று.

தொழிலாளர்கள் காப்புறையைக் கழற்றுவது வெறும் அசட்டையால் அன்று. வெட்டுக் கோடு கண்ணுக்கு மறைகிறது. மூலையில் சக்கரம் எட்டுவதில்லை. சக்கரம் தேய்ந்தபின் காப்புறை பொருளில் முட்டுகிறது. இவை யாவும் மெய்யான இடையூறுகளே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. காப்புறையைத் தளர்த்தி வேண்டிய பக்கம் திருப்பி இறுக்கலாம். கோடு தெரியாவிட்டால் பொருளைத் திருப்பி வைத்துக் கோட்டை மறுபக்கம் கீறலாம். எட்டாத மூலைக்கு அரத்தை எடுக்கலாம். தேய்ந்த சக்கரத்தை நீக்கிப் புதியதைப் பொருத்தலாம். சக்கரம் உடைந்து சிதறினால், துண்டுகள் விளிம்பின் வேகத்துடனேயே புறப்படுகின்றன. மணிக்கு 207 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் துண்டைக் கண்டு விலகிக்கொள்ள மனிதரால் இயலாது. துண்டுக்கும் முகத்துக்கும் இடையே நிற்பது அந்த உருக்குத் தகடு ஒன்றே.

பல் வைத்த மர ரம்பத் தகட்டைக் கோணச் சாணையில் பொருத்தி மரம் அறுப்பதும் சில இடங்களில் வழக்கமாகியுள்ளது. மரத்தில் பல் சிக்கிய மாத்திரத்தில் யந்திரம் கையை மீறித் துள்ளும். இவ்வழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும்.

சக்கரத்தைப் பொருத்துதல்

எந்த மாற்றத்தைச் செய்வதாயினும் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பாட்டரியில் ஓடும் சாணையாயின் பாட்டரியைக் கழற்ற வேண்டும்.

புதிய சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரிசல், விளிம்புச் சிதைவு, வளைவு ஆகியவை உளவா எனப் பார்த்தல் நன்று. பழைய மேஜைச் சாணைக்கல்லை மரக் கைப்பிடியால் தட்டி, மணி போன்ற ஒலி வந்தால் நல்லது என்று தீர்மானிப்பது வழக்கம். அது களிமண் இனத்துப் பிணைப்பில் சுட்ட கல்லுக்குப் பொருந்தும். பிசினால் ஒட்டிய சக்கரம் இயல்பாகவே மந்தமான ஒலி தருமாதலால், அதற்கு அச்சோதனையை நம்ப இயலாது. கீழே விழுந்த சக்கரத்தை, விரிசல் தெரியாவிடினும், விலக்கிவிடுவதே அறிவுடைமை.

சக்கரத்தின் நடுத் துளை தண்டின் பிடிவளையத்தில் ஆட்டமின்றிச் சரியாக அமர வேண்டும். 100 மில்லி மீட்டர் சக்கரத்தின் துளை பெரும்பாலும் 16 மில்லி மீட்டர். 115 மில்லி மீட்டரும் அதற்கு மேற்பட்டனவும் 22.23 மில்லி மீட்டர். பெரிய யந்திரத்தில் தேய்ந்து சிறுத்த சக்கரத்தைச் சிறிய யந்திரத்தில் மாட்டிச் சிக்கனம் செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துளை பொருந்தாத சக்கரம் மையம் விலகிச் சுழன்று, யந்திரத்தை அதிரச் செய்து, தானும் உடையும். திருகை அதற்குரிய இருமுள் ஸ்பேனரால் அளவாக இறுக்கவும். உளியால் தட்டி இறுக்குவது சக்கரத்தின் நடுப்பகுதியை நசுக்கும். தண்டைப் பூட்டும் பொத்தானைச் சக்கரம் சுழலும்போது ஒருகாலும் அழுத்தலாகாது.

பொருத்தியபின், ஆட்கள் இல்லாத திசை நோக்கிப் பிடித்து, ஒரு நிமிஷம் சுமையின்றி ஓடவிடுவது நல்ல பழக்கம். குறையுள்ள சக்கரம் பெரும்பாலும் அப்போதே தன்னை வெளிப்படுத்திவிடும்.

பின்னுதைப்பு

ஓடும் சக்கரம் திடீரென்று பொருளில் இறுகி நின்றுவிட்டால், அதன் சுழற்சி ஆற்றல் யந்திரத்தின் உடலை எதிர்த் திசையில் தூக்கி எறிகிறது. இதனைப் பின்னுதைப்பு எனலாம். கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும்.

இதற்கு மிகப் பொதுவான காரணம் பொருளைத் தாங்கவைத்த முறையே. நீண்ட குழாய் ஒன்றின் இரு முனைகளையும் இரண்டு கட்டைகள்மீது வைத்து நடுவில் அறுப்பதாகக் கொள்வோம். வெட்டு ஆழமாகும்போது குழாய் தன் எடையால் நடுவில் தொய்கிறது. வெட்டின் மேல்வாய் மூடிச் சக்கரத்தைக் கவ்வுகிறது. அதே குழாயைக் கட்டையில் இறுகப் பிணைத்து, கட்டைக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியை அறுத்தால், அறுபடும் துண்டு கீழ்நோக்கித் தாழ, வெட்டின் வாய் விரிகிறது. சக்கரம் தடையின்றிச் செல்கிறது. வேலையின் தன்மை ஒன்றே. கட்டையை வைத்த இடத்தில்தான் வேறுபாடு.

பக்கக் கைப்பிடியைப் பொருத்தி இரு கைகளாலும் பிடித்தல், சக்கரத்தின் நேர்க்கோட்டில் உடலை வைக்காமல் சற்று விலகி நிற்றல், சுழற்சித் திசைக்கு எதிராக யந்திரத்தை நகர்த்துதல் ஆகியவை பின்னுதைப்பின் கேட்டைக் குறைக்கும். சுழலும் திசையை யந்திரத்தின் தலைப் பகுதியிலுள்ள அம்புக்குறி காட்டும். மெல்லிய வெட்டுச் சக்கரத்தைப் பொருளுக்குச் செங்குத்தாகவே செலுத்த வேண்டும். அதன் பக்கத்தால் தேய்ப்பது, காகிதத்தைப் பக்கவாட்டில் மடிப்பதற்கு ஒப்பாகும். தேய்ப்பதற்கு 6 மில்லி மீட்டர் கனமுள்ள தனிச் சக்கரம் இருக்கிறது. அதனை 20 முதல் 30 பாகைச் சாய்வில் பிடிப்பது பொருத்தம். எந்தச் சக்கரத்தையும் பலங்கொண்டு அழுத்துவதால் வேலை விரைவதில்லை, வெப்பமே மிகும்.

ஸ்விட்சை அணைத்த பின்பும் சக்கரம் சில வினாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். அது முற்றிலும் நின்றபின்பே யந்திரத்தைக் கீழே வைக்க வேண்டும். வேட்டி முனை, கழுத்தில் தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த நூல் கையுறை ஆகியவை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளக்கூடியவை. கைக்குப் பொருந்திய தோல் கையுறையும் உடலோடு ஒட்டிய பருத்தி உடையும் தகுந்தவை.

பொறியும் தூசியும் ஓசையும்

சாணையிலிருந்து பறக்கும் தீப்பொறிகள் வெறும் ஒளியல்ல. சூடேறிய நுண்ணிய இரும்புத் துகள்கள் காற்றிலுள்ள பிராண வாயுவுடன் சேர்ந்து எரிந்துகொண்டே பல மீட்டர் தூரம் செல்கின்றன. அவ்வழியில் பஞ்சு, மரத்தூள், வர்ணம், காஸ் குழாய் முதலியன இருக்கலாகாது. பெட்ரோலும் தின்னரும் இருந்த பீப்பாய் காலியாகிவிட்டது என்று எண்ணி அதனை அறுப்பது மிகக் கொடிய தவறு. திரவம் தீர்ந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். காற்றுடன் கலந்த அந்த ஆவிக்கு ஒரு பொறியே போதும், பீப்பாய் வெடிக்கும்.

கண்ணில் விழும் இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டிக்கொண்டு, சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்குகிறது. பட்டறைகளில் பக்கத்திலுள்ளவர் கைக்குட்டை நுனியாலோ தீக்குச்சியாலோ அதை எடுக்க முயல்வதுண்டு. அது கருவிழியைக் கீறி, புண்ணையும் சீழையும் உண்டாக்கிப் பார்வையையே கெடுக்கக்கூடும். கண்ணைத் தேய்க்காமல் கண் வைத்தியரிடம் செல்வதே முறை. இதனினும் முந்திய முறை, பக்கங்களும் மூடிய காப்புக் கண்ணாடியையும், வெட்டும் வேலையில் அதன்மேல் முகமறைப்பையும் அணிதல். பறக்கும் துகள்களிலிருந்து தொழிலாளரின் கண்களைக் காக்கும் கடமையை நம் நாட்டின் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 35-வது பிரிவிலேயே வகுத்திருந்தது. பொறி, எழுத்துச் சட்டம் எட்டாத ஒற்றை ஆள் பட்டறைகளிலும் அதே வேகத்தில்தான் பறக்கிறது.

கல்லையும் கான்கிரீட்டையும் அறுக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா உள்ளது. நுரையீரலில் படியும் இத்தூசி காலப்போக்கில் சிலிக்கோஸிஸ் என்னும் நோயை விளைவிக்கிறது. அதனை அடியோடு குணப்படுத்தும் மருந்து இல்லை. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டுவதால் இந்த நுண்தூசி தடைபடாது. தூசியை உறிஞ்சும் அமைப்பும், நுண்துகளைத் தடுக்கும் முகக் கவசமும் தேவை. தூசியை அடக்குவதற்காகச் சாதாரணச் சாணையின்மீது நீர் ஊற்றுவது மின் அதிர்ச்சியை வரவழைப்பதாகும். நீர்ப் பாய்ச்சலுடன் இயங்குவதற்கென அமைந்த யந்திரங்கள் வேறு. ஓசைக்கும் காதடைப்பு வேண்டும். படிப்படியாகக் குறையும் செவிப்புலனை இழந்தவர் உடனே உணர்வதில்லை.

மின் இணைப்பு

இக்காலத்துச் சாணைகளில் பெரும்பாலானவை இரட்டைக் காப்பு உடையவை. ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் வரைந்த குறியால் இதனை அறியலாம். இவற்றுக்கு நிலத்தொடர்புக் கம்பி தேவையில்லை. அக்குறி இல்லாத உலோகக் கூட்டு யந்திரங்களுக்கு அது இன்றியமையாதது. பிளக்கை வெட்டிவிட்டு, கம்பி முனைகளைத் தீக்குச்சியால் சாக்கெட்டில் செருகும் வழக்கம் உயிருக்கு உலை வைப்பது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தின் வழியாக மின்சாரம் எடுப்பது உத்தமம். நீட்டிப்புக் கம்பியை முழுவதும் விரித்துப் பயன்படுத்த வேண்டும். சுருட்டியபடியே உபயோகித்தால் அது சூடேறி உருகும்.

பராமரிப்பு

இரும்புத் தூசி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. காற்றுத் துவாரங்கள் வழியாக உட்சென்று சுருள்களில் படிந்தால், இரட்டைக் காப்பும் பயனற்றுப் போகும். ஆதலால் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி அணிந்து, ஈரமற்ற காற்றை மெல்லச் செலுத்தித் துவாரங்களைத் துப்புரவு செய்ய வேண்டும்.

தொழிலாளர்கள் கார்பன் என்றழைக்கும் கரித் துண்டுகள் தேயும் உறுப்புகள். அவை சுமார் 5 மில்லி மீட்டர் நீளத்துக்குக் குறையுமுன், இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் ஏற்றத்தாழ்வாகிக் கம்யூட்டேட்டர் கெடும். மாற்றியபின் சில நிமிஷங்கள் சுமையின்றி ஓட்டினால், புதிய துண்டின் முகம் உருளையின் வளைவுக்கு ஏற்பப் படியும்.

பற்சக்கரப் பெட்டியின் கிரீஸ் நாளடைவில் கறுத்து இறுகும். பழையதைத் துடைத்து நீக்கி, தயாரிப்பாளர் கூறும் வகையை அளவாக இட வேண்டும். பெட்டி முழுவதும் திணித்தால் கிரீஸ் சூடேறி, மோட்டார்ப் பகுதிக்குள் கசியும். தண்டை விரலால் அசைத்துப் பார்த்து ஆட்டம் தென்பட்டால் பேரிங்கை மாற்ற வேண்டும். ஸ்விட்சு சிக்குகிறதா என்பதையும், கம்பி யந்திரத்துள் நுழையுமிடத்தில் உறை கிழிந்துள்ளதா என்பதையும் அன்றாடம் பார்த்தல் தகும். கிழிந்த உறைமேல் நாடா சுற்றுவது பழுதை மறைப்பதே அன்றி நீக்குவது ஆகாது.

யந்திரம் பழுதாகுமுன் எச்சரிக்கை தருவது உண்டு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையம்போல் பொறி ஓடினால், கரித் துண்டு தேய்ந்திருக்கலாம். அல்லது ஆர்மெச்சரில் பழுது இருக்கலாம். புதிதாக அதிர்வு தோன்றினால் சக்கரத்தையும் பேரிங்கையும் ஐயுற வேண்டும். கருகிய நாற்றம் வந்தால் அக்கணமே நிறுத்த வேண்டும்.

சக்கரங்களை உலர்ந்த இடத்தில், சமதளத்தில், எண்ணெயும் வெயிலும் படாமல் படுக்கவைத்துப் பாதுகாக்க வேண்டும். கடற்கரை ஊர்களிலும் மழைக் காலத்திலும் இதில் தனிக் கவனம் வேண்டும்.

முடிவுரை

புதிய வெட்டுச் சக்கரத்தின் விலை, ஒரு வேளை உணவின் விலையைக்கூட எட்டுவதில்லை. காப்புறையோ யந்திரத்துடனேயே வருகிறது. அதற்குத் தனி விலை இல்லை. இவற்றைச் சிக்கனம் செய்து நாம் ஈட்டுவது சில காசுகளும் சில நிமிஷங்களுமே. பணயம் வைப்பதோ கண்ணையும் கையையும். அவற்றை நம்பியிருக்கும் குடும்பத்தின் பிழைப்பையும். பட்டறைக்குப் புதிதாக வந்து சேரும் இளைஞன் விதிகளைப் புத்தகத்தில் படிப்பதில்லை. மூத்த தொழிலாளியின் கையைப் பார்த்தே கற்கிறான். அந்தக் கையிலுள்ள சாணையில் காப்புறை இருந்தால், அவனுடைய சாணையிலும் அது இருக்கும்.